மட்டைக்கு முகம் எது

எனக்கு எதையும் கடைசிவரை வாசிக்கிற பொறுமை கிடையாது. மருந்துச் சீட்டானாலும் வங்கிக் கடிதமானாலும் முதல் இரண்டு வரியிலேயே எல்லாம் விளங்கிவிட்டதென்று மூடி வைத்துவிடுவேன். நின்ற இடத்தில் நிற்கவும் மாட்டேன். யாழ்ப்பாணத்துப் பேச்சில் இதற்கு ‘அந்தரம்’ என்று பெயர். "அந்தரம் பிடிச்ச மனுசி" என்று என் கணவர் எனக்குப் பட்டமே கட்டிவிட்டார். மொன்றியலுக்கு வந்தபிறகு நான் சேர்ந்து விட்டுவிட்ட வேலைகளைப் பற்றி யாராவது கேட்டால் போதும், விரல்விட்டு எண்ணத் தொடங்குவார். தையல் தொழிற்சாலை, வெதுப்பகம், ஹோட்டல் சலவை, முதியோர் இல்லச் சமையலறை... ஒரு கை முடிந்து மறுகைக்குப் போகும்போது நான் தேத்தண்ணீர் போட எழுந்து போய்விடுவேன்.

அந்த மறுகையின் இரண்டாவது விரல்தான் பேஸ்போல் மட்டை செய்கிற பட்டறை. செயின்ட்-மிஷேலில் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. நான் விட்டுவிட்டு ஓடாத முதல் வேலை அதுதான்.

பிடித்துத் தந்தவள் மகள். அவளுக்கு இருபத்தாறு வயது. கார்டரி என்கிற பகல் காப்பகம் ஒன்றில் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிறாள்; சனிக்கிழமைகளில் பெண்கள் அணி ஒன்றில் பேஸ்போல் விளையாடுகிறாள். பந்து எறிகிறவள் அவள்தான். மைதானத்தின் நடுவே ஒரு சிறிய மண்மேடு இருக்கும். அதில் ஏறி நின்று, அறுபது அடி தள்ளி மட்டையோடு நிற்பவரை நோக்கி எறிய வேண்டும். அடிக்கிறவருக்குத் தலைக்கவசம் உண்டு. எறிகிறவளுக்கு ஒரு தோல் கையுறையைத் தவிர வேறொன்றும் இல்லை. முதல்நாள் பார்த்தபோதே, "இதென்ன விசர் விளையாட்டு, முகத்தைத் திறந்து வைச்சுக்கொண்டு?" என்று கேட்டேன். "கண்ணையும் திறந்துதான் வைச்சிருக்கிறன் அம்மா" என்றாள். வாய்க்காரி. யாரைப் போல என்று என் கணவரிடம் கேட்டுவிடாதீர்கள்.

அவள் மட்டை வாங்கப் போன பட்டறையின் கதவில் உதவிக்கு ஆள் தேவை என்று எழுதி ஒட்டியிருந்ததாம். கிரிக்கெட்டோடு வளர்ந்த எனக்கு மட்டை என்ன பெரிய விசயம் என்று அடுத்த நாளே போய் நின்றேன். "அது வேற விளையாட்டு அம்மா, வேற பட்" என்று மகள் வாசலில் வைத்து ஏதோ விளக்கத் தொடங்கினாள். நான் அதற்குள் சப்பாத்தை மாட்டிவிட்டேன்.

பட்டறையில் இரண்டு பேர்தான், முதலாளியும் நானும். முதலாளி அறுபது கடந்த கியூபெக்காரர், அதிகம் பேசமாட்டார். கட்டையைச் சுழலவிட்டு உளியால் கடைந்து மட்டையாக்குவது அவர். அரத்தாள் போட்டு வழவழப்பாக்கி, எண்ணெய் பூசிப் பெட்டியில் அடுக்குவது நான். என்னோடு பிரெஞ்சும் ஆங்கிலமும் கலந்து பேசுவார். எனக்கு இரண்டும் அரைகுறை. அவருக்குத் தமிழ் அரைகுறையும் இல்லை. ஆனாலும் ஒன்றரை வருடம் ஒரு சண்டை வராமல் ஓடியது, அதுவே எனக்கு ஒரு சாதனை.

அவருடைய பித்து ஒரு பழைய கொம்பனி. மொன்றியலில் விளையாட்டுச் சாமான் செய்தவர்களில் முந்தியவர்கள். பெயரை எழுதப் போவதில்லை. அந்த வம்சத்தில் யாராவது மிஞ்சியிருந்து என் கதவைத் தட்டுவது எனக்கு வேண்டாம். பழைய பொருள் விற்கிற இடத்தில் அவர்களுடைய மிச்சமென்று மூன்று சாமான்களை முதலாளி வாங்கி வைத்திருந்தார். சூடாக்கி மரத்தில் குத்துகிற இரும்பு முத்திரை ஒன்று. விலைப்பட்டியல் புத்தகங்கள் ஒரு கட்டு. கரிப்பிடித்த ஒரு மட்டை. மட்டை சுவரில் உயரத்தில் தொங்கியது. முத்திரையைத் தொட எனக்கு அனுமதியே இல்லை. அவர்தான் சூடாக்குவார், அவர்தான் குத்துவார், குத்தும்போது மூச்சுக்கூட விடமாட்டார். நான் எட்ட நின்று வேடிக்கை பார்ப்பேன். என் கை துறுதுறுக்கும்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அந்தப் புத்தகங்களைப் புரட்டுவேன். படம் பார்ப்பதுதான், வாசிப்பதில்லை. விடுபட்டதை முதலாளியிடம் கேட்டுத் தெரிந்துகொள்வேன். அப்படிப் பொறுக்கிச் சேர்த்த கதை இது. தெருவில் கார் ஓடாத காலத்தில் ஒரு கடைசல்காரர் கோடரிப் பிடி செய்து விற்றிருக்கிறார். குளிர்காலத்தில் பனிச் சப்பாத்தும் சறுக்கு வண்டியும். இந்த ஊரில் குளிருக்குப் பஞ்சமா? வியாபாரம் பிடித்துக்கொண்டது. கோடை வந்தால் மட்டும் வேலைக்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். அந்த நேரம் பார்த்து அமெரிக்கப் பக்கமிருந்து பேஸ்போல் இங்கே பரவ, பக்கத்துத் தொழிற்சாலைகளின் ஆட்கள் வந்து கோடரிப் பிடி மாதிரியே ஒன்று, ஆனால் நுனி தடிப்பாக வேண்டும் என்று கேட்டார்களாம். கடைசல்காரர் கடைந்து கொடுத்தார். அதுதான் தொடக்கம். ஒரு பெரிய கண்டுபிடிப்பும் இல்லை, கோடையில் சும்மா இருக்க மாட்டாத ஒரு மனிதர்தான். எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

முதல் புத்தகத்தில் மட்டை, பனிச் சப்பாத்துக்குக் கீழே ஒரு மூலையில் ஒதுங்கிக் கிடக்கிறது. அடுத்ததில் அரைப் பக்கம். அதற்கடுத்ததில் முழுப் பக்கம் பிடித்துவிடுகிறது. ஆதி மட்டைகள் உலக்கை போல இருந்தன, மேலும் கீழும் ஒரே பருமன். அதைத் தூக்கிச் சுழற்றிய ஆட்கள் நெல்லும் குத்தியிருக்கலாம். புத்தகம் மாற மாறக் கைப்பிடி மெலிகிறது, நுனி திரள்கிறது. ஒவ்வொரு முறையும் இந்த வருடத்து மட்டை போன வருடத்ததைவிட மேலானது என்று பீற்றியிருக்கிறார்கள். அப்படியென்றால் போன வருடம் வாங்கினவன் என்ன மடையனா?

தொடக்கத்தில் முத்திரை கிடையாது. கோடரிப் பிடியில் யார் பெயர் எழுதுவார்கள்? மற்றவர்கள் பார்த்துச் செய்யத் தொடங்கியபிறகுதான் அந்த முட்டை வடிவ இரும்பு வந்திருக்கிறது. பெயரும் நடுவில் ஒரு இலையும். அந்த இலையைக் கண்டால் நம்பி வாங்கினார்களாம். பிறகு எல்லாக் கதையும் போல இதுவும் முடிந்தது. அலுமினிய மட்டை வந்தது, பெரிய கொம்பனி ஒன்று இவர்களை விழுங்கியது, விழுங்கினவர்கள் மரத்தைக் கைவிட்டார்கள். தொழிற்சாலை நின்ற இடத்தில் இப்போது பால்கனி வைத்த அடுக்குமாடி வீடுகள். அந்த வழியால் பஸ் போகிறது, நான் பலமுறை போயிருக்கிறேன்.

அவர்கள் மட்டை செய்தது ஆஷ் மரத்தில். நாங்கள் அதுவரை செய்தது மேப்பிளில். மேப்பிளில் மரத்தின் வரிகள் கண்ணுக்கே தெரியாது. ஆஷில் பளிச்சென்று தெரியும். பச்சைப் பூச்சி ஒன்று அரித்து மொன்றியலின் ஆஷ் மரங்களை நகரசபை வெட்டித் தள்ளிக்கொண்டிருந்தபோது, முதலாளி நல்ல கட்டைகளாகப் பார்த்துப் பொறுக்கி உலர வைத்திருந்தார். பழைய கொம்பனியின் அச்சில் ஒரு டசின் ஆஷ் மட்டையாவது செய்துவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. மகளின் அணிக்கும் ஓய்வு பெற்ற ஆண்களின் அணி ஒன்றுக்கும் ஆற்றுக்கு அக்கரையில் லொங்குய்ய் பூங்காவில் ஒரு சிநேகிதப் போட்டி வந்தது. பழைய அச்சு மட்டையால் விளையாடுவோம் என்று இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்டன. முதலாளி சின்னப் பிள்ளை மாதிரி ஆகிவிட்டார்.

பன்னிரண்டையும் கடைந்து முடித்த அன்று அவருக்குக் குடலிறக்கம் தாங்க முடியாமல் போய் உடனே சத்திரசிகிச்சைக்கு நாள் கொடுத்துவிட்டார்கள். போகும்போது இரும்பு முத்திரையை என் கையில் தந்தார். "இது மேப்பிள் இல்லை, ஃப்ரேன்" என்றார். ஃப்ரேன் என்றால் ஆஷ். "முத்திரை ஃபாஸில். சூர் லா ஃபாஸ். ஆன் தி ஃபேஸ், ஓகே? ஏனென்றால்..." நான் அந்த ‘ஏனென்றால்’ முடியுமுன் தலையாட்டிவிட்டேன். வெளியே டாக்சி நின்றது. "வி, வி, விளங்குது" என்று பிரெஞ்சு பாதி தமிழ் பாதியாகச் சொல்லி அவரை வாசல்வரை கூட்டிக்கொண்டு போய்விட்டேன்.

ஃபேஸ் எது என்று எனக்கா சொல்லித் தர வேண்டும்? எங்கள் வீட்டில் அண்ணைமார் மூன்று பேருக்கும் ஒரே கிரிக்கெட் மட்டை. அதற்கு எண்ணெய் பூசுவது என் வேலை. அடிக்க மட்டும் தரமாட்டார்கள். கிரிக்கெட் மட்டையின் முகம் என்றால் பந்தை அடிக்கிற பக்கம். அதில் வரிகள் மேலிருந்து கீழே நேராக ஓடும். எத்தனை நேர் வரியோ அத்தனை நல்ல மட்டை. கொம்பனிப் பெயரும் அந்தப் பக்கம் ஒட்டியிருக்கும். வானொலி வர்ணனையில் ‘ஃபுல் ஃபேஸ்’ என்று கத்துவதும் அதைத்தான். ஆஷ் மட்டையை உருட்டிப் பார்த்தேன். உருண்டை என்றாலும் இரண்டு பக்கத்தில் வரிகள் நேர்நேராக நெருங்கி நின்றன. மற்ற இரண்டு பக்கத்தில் அகன்று, வளைந்து ஏறி இறங்கின. முகம் எது என்று குருடனுக்கும் தெரியும் என்று எண்ணினேன். இரும்பைச் சூடாக்கி, மூச்சைப் பிடித்து, நேர் வரியின் மேல் குத்தினேன். பன்னிரண்டும் ஒரே உயரத்தில், ஒரே பக்கத்தில், இம்மி பிசகாமல். அன்று என்னை நானே மெச்சிக்கொண்டேன், மறைக்க ஒன்றுமில்லை. எண்ணெய் பூசிப் பெட்டியிலடைத்தேன். அணிக்காரர்கள் வந்து எடுத்துப் போனார்கள். முதலாளி கண்ணால்கூடப் பார்க்கவில்லை.

போட்டி சனிக்கிழமை பகல். பழைய விலைப்பட்டியல் ஒன்றை மேசையில் காட்சிக்கு வைக்க வேண்டும், பட்டறையில் எடுத்துக்கொண்டு வாருங்கோ என்று மகள் சொல்லியிருந்தாள். போய் எடுத்தேன். எந்தப் பக்கத்தை விரித்து வைக்கலாம் என்று பின்னாலிருந்து தள்ளியபோது கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் நாலைந்து வரி. மூக்குக் கண்ணாடியைப் போட்டு, ஒன்றரை வருடத்தில் முதல்தடவையாக வாசித்தேன். மட்டையைப் பிடிக்கும்போது முத்திரை வானத்தைப் பார்க்க வேண்டும், அப்போதுதான் பந்து நேர் வரியில் படும் என்று எழுதியிருந்தது. அகன்ற வரியில் பட்டால் மரம் தகடு தகடாகப் பிரிந்து உடையுமாம். அதற்குக் கொம்பனி பொறுப்பல்ல என்றும் போட்டிருந்தார்கள்.

நாற்காலியில் ஏறிச் சுவரிலிருந்த பழைய மட்டையைக் கழற்றினேன். ஈரத்துணியால் கரியைத் துடைத்துப் போன் வெளிச்சத்தில் பார்த்தேன். இலை முத்திரை, வளைந்து அகன்ற வரியின் மேல் இருந்தது. தச்சர்களுடைய பேச்சில் பலகையின் ‘முகம்’ அந்த அகன்ற வரியுள்ள பக்கம். முதலாளி சொன்னது அதை. நான் கேட்டது கிரிக்கெட் மட்டையின் முகத்தை.

கணக்குப் போட்டுப் பார்க்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. பேஸ்போல்காரர்கள் பிறந்ததிலிருந்து முத்திரையை மேலே பார்க்கத்தான் பிடிப்பார்கள். என் பன்னிரண்டு மட்டையையும் அப்படிப் பிடித்தால் பந்துக்கு நேரே வருவது பலமில்லாத பக்கம். உடைந்தால் கைப்பிடி அடிக்கிறவன் கையில் நிற்கும். கூரான மிச்சத் துண்டு முன்னால் பறக்கும். முன்னால் மண்மேட்டில், முகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, என் பிள்ளை நிற்பாள்.

போன் எடுத்தேன். மகள் எடுக்கவில்லை, விளையாடும்போது அது பைக்குள் கிடக்கும். முதலாளிக்கு வீட்டுப் போன் மட்டும்தான், அவரோ சத்திரசிகிச்சை முடிந்து வந்த கையோடு மைதானத்தில். என் கணவருக்கு புரோசார்ட்டில் ஒரு கடையில் வேலை, அங்கிருந்து லொங்குய்ய் கிட்ட. அவரைப் பிடித்தேன்.

"இஞ்சாருங்கோ, உடன போய் விளையாட்டை நிப்பாட்டுங்கோ. அந்த பட் எல்லாம் பிழை."

"என்ன பிழை?"

"நான் குத்தின முத்திரை பக்கம் மாறிப் போச்சு. பட் உடைஞ்சு பிள்ளையின்ர முகத்துக்கு வரும். கெதியாப் போங்கோ!"

"சரி, போறன். நீர் அந்தரப்படாதையும்."

அந்தரப்படாமல் என்ன செய்ய? பாலத்தில் திருத்த வேலை, டாக்சியில் ஏறினால் பாதி வழியில் மாட்டிக்கொள்ளுவேன். மெற்றோவுக்கு ஓடினேன். இரண்டு இடத்தில் மாற வேண்டும். பெட்டிக்குள் இருக்க முடியவில்லை. ஓடுகிற ரயிலுக்குள் நானும் முன்னுக்குப் பின்னுக்கு நடந்தேன், நடந்தால் கெதியாகப் போகும் என்பதுபோல. ஒரு பெண் எழுந்து எனக்கு இடம் தந்தாள். "மெர்சி" சொல்லிவிட்டு நின்றேன். கையில் விலைப்பட்டியல் வியர்வையில் நனைந்தது. கணவருக்குத் திரும்பத் திரும்ப அடித்தேன். எடுக்கவில்லை.

ஆற்றுக்குக் கீழே மெற்றோவின் மஞ்சள் கோட்டில் போகும்போது இன்னொரு எண்ணம் வந்தது. அதையும் எழுதிவிடுகிறேன். போட்டியை நிறுத்தினால் போதும்தானே, காரணம் சொல்ல வேண்டுமா? மரத்தில் பூச்சி என்று சொல்லலாம். மர மட்டை உடைவது ஊருலகத்தில் இல்லாததா? நான் வாயைத் திறக்காவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? அந்த வேலையை நான் விரும்பினேன். அந்த இரும்பைத் திரும்ப என் கையில் தரமாட்டார். பிள்ளையின் முகம் ஒரு பக்கம் இருக்க, வேலையைப் பற்றி நினைக்கிறாயே என்று என்மேல் எனக்கே அருவருப்பு வந்தது. ரயில் நின்றது. ஓடினேன்.

பூங்காவின் வேலிக்கு வெளியே என் கணவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். உள்ளே விளையாட்டு நடந்துகொண்டிருந்தது.

"ஏன் நிப்பாட்டேல்லை?" என்று கத்தினேன்.

"நடுவில எப்பிடிப் போறது? ஓவர் முடியட்டும் எண்டு பாத்துக்கொண்டு நிக்கிறன். இருவது நிமிசமா முடியுதில்லை."

பேஸ்போலில் ஏது ஓவர்? அவருக்கு அன்று நான் சொன்னவற்றை அச்சில் போட முடியாது. சொல்லிக்கொண்டிருக்கும்போதே மைதானத்தில் சடாரென்று ஒரு சத்தம். மட்டை பிளந்தது. முன்கை நீளத் துண்டு ஒன்று சுழன்று பறந்து, மண்மேட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு அடி தள்ளிப் புல்லில் குத்தியது. எல்லோரும் சிரித்தார்கள். மகளும் சிரித்துக்கொண்டே போய் அதைக் காலால் ஒதுக்கினாள்.

வேலிக் கதவால் உள்ளே போய் நேரே நடுவுக்கு நடந்தேன். நடுவர் கையை விரித்துக்கொண்டு வந்தார். மகள் என்னைக் கண்டாள். "அம்மா! வெளியில போங்கோ! என்ன செய்யிறீங்கள்?" அவள் முகம் வெட்கத்தில் சிவந்துவிட்டது. நான் விலைப்பட்டியலைத் தூக்கிப் பிடித்து, எனக்குத் தெரிந்த பிரெஞ்சில், எல்லோருக்கும் கேட்கக் கத்தினேன். மட்டைகள் பிழை, முத்திரை பக்கம் மாறிவிட்டது, பிழை விட்டது நான் என்று. பூச்சிக் கதை வாயில் வரவேயில்லை.

மடக்கு நாற்காலியிலிருந்த முதலாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தார். உடைந்த துண்டை வாங்கி வரியைப் பார்த்தார். மற்ற மட்டைகளையும் ஒவ்வொன்றாக உருட்டிப் பார்த்தார். அவருடைய முகத்தில் இரத்தமே இல்லை.

"எல்லாமா?" என்று கேட்டார்.

"எல்லாம். ஒண்டுகூட விடேல்லை" என்றேன். பதற்றத்தில் தமிழ்தான் வந்தது. தலையாட்டலில் அவருக்கு விளங்கியது.

பிறகு ஒரு மட்டையை எடுத்து, கால் வட்டம் திருப்பி, முத்திரை பந்தைப் பார்க்கப் பிடித்துக் காட்டினார். பன்னிரண்டிலும் ஒரே பிழை என்பதால் திருத்தமும் ஒன்றுதான். முத்திரையால் அடியுங்கள், நேர் வரி பந்துக்கு வரும், உடையாது என்று சொன்னார். அதாவது, நான் நினைத்தமாதிரியே, கிரிக்கெட் மட்டை போல.

ஆண்கள் அணியில் ஒருவரும் அசையவில்லை. முத்திரையால் அடித்தால் உடையும் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள். பிழை விட்ட மனுசியும் சத்திரசிகிச்சையிலிருந்து எழும்பி வந்த மனிதரும் சொன்னால் நம்புவார்களா? ஒரு பெரியவர் அலுமினிய மட்டை காரில் இருக்கிறது என்றார். முதலாளி தரையைப் பார்த்தார். இத்தனை வருடப் பித்து அந்த ஒரு சொல்லில் முடியப் போகிறது என்று எனக்கு விளங்கியது. ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. "குடுங்கோ, நான் அடிச்சுக் காட்டிறன்" என்று மட்டையை வாங்கிவிட்டேன். என் தலையில் யாரோ கவசத்தை மாட்டினார்கள்.

நின்று நிமிர்ந்து பார்த்தேன். அறுபது அடிக்கு அங்கால் மண்மேட்டில் மகள் பந்தோடு நின்றாள். அப்போதுதான் உறைத்தது. முதலாளி சொன்னதும் பிழையென்றால், இந்த மட்டையும் பிளந்தால், துண்டு போகிற திசையில் அவள்தான். ஓடி வந்ததே இதற்காகத்தான், இப்போது அடிக்க நிற்பதும் நான்தான்.

"நீ தள்ளு பிள்ளை. வேற ஆரும் எறியட்டும்."

"வேற ஆர் எறியிறது? நீங்கள் சொன்னது சரியோ, இல்லையோ?"

"சரி."

"அப்ப நான்தான் எறிவன்."

மட்டையைத் தரையில் ஊன்றிக் குனிந்து, அண்ணைமார் நிற்கிறமாதிரி நின்றேன். பார்த்தவர்கள் சிரித்தார்கள். முத்திரை அவளைப் பார்த்தது. முதல் பந்தைக் கார்டரிப் பிள்ளைக்குப் போடுவதுபோலப் போட்டாள். நான் வீசினேன், காற்றுத்தான் அகப்பட்டது. இரண்டாவதும் அப்படியே. "என்ன பகிடி விடுறியே? எறியிறமாதிரி எறி!" என்று கத்தினேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. காலைத் தூக்கி உடம்பைச் சுழற்றி உண்மையாகவே எறிந்தாள். எனக்கு வீச நேரமிருக்கவில்லை. மட்டையைப் பந்துக்கு நேரே வெடுக்கென்று முன்னால் தள்ளினேன்.

கையெல்லாம் அதிர்ந்தது. மட்டை உடையவில்லை. பந்து வந்த வழியே, வந்த வேகத்தில், அவள் முகத்துக்கு நேரே திரும்பிப் போனது.

நான் பெயர் சொல்லிக் கத்தினேன். கையுறை மேலே வந்தது. டப்பென்று ஒரு சத்தம். கையுறைக்குப் பின்னால் முகம் தெரியவில்லை. பிறகு கையுறை மெல்ல இறங்கியது. இரண்டு கண்ணும் அகலத் திறந்திருந்தன.

"அவுட், அம்மா" என்றாள்.

முதலாளி என் கையிலிருந்த மட்டையை வாங்கி, முத்திரை இருந்த இடத்தைப் பெருவிரலால் தடவிப் பார்த்தார். அங்கே பந்தின் தடம் மட்டும் பதிந்திருந்தது. அலுமினிய மட்டை கேட்ட பெரியவர் கையை நீட்டினார். அவர் அதை வாங்கி முத்திரையை முன்னால் திருப்பிப் பிடித்தது எனக்குத் தெரியும். ஆனால் நான் அதற்குள் மண்மேட்டுக்குப் போய்விட்டேன்.

மகள் கையுறையைக் கழற்றினாள். உள்ளங்கை இரத்தச் சிவப்பாக இருந்தது.

"நோகுதோ?"

"ஓம்" என்றாள்.

அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எல்லோரும் பார்க்க, நான் சத்தம் போட்டு அழுதேன். அவள் என்னை வெளியே போகச் சொல்லவில்லை.